பாக்ஸை மாற்றும் முன் மீட்டரை வையுங்கள்: வடசென்னை கேபிள் ஆபரேட்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலும், வியாசர்பாடி முதல் மணலி வரையிலும் கேபிள் இணைப்பு நடத்திவரும் ஆபரேட்டர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உங்களில் ஒருவரிடம் மாதச் சம்பளத்துக்கும், அவருடைய அனுமதியோடு வேறு சிலரிடம் நாள்கூலிக்கும் வேலை பார்த்துவரும் ஒரு லைன்மேன் இதை எழுதுகிறேன். சம்பளத்தைப் பற்றி இந்த மடலில் ஒரு வரிகூட இல்லை. அதை நேரில் பேசிக்கொள்ளலாம். சிக்னல் கோளாறு என்று ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் நாம் அதை எப்படிக் கையாள்கிறோம் என்பது மட்டுமே நான் எழுத வந்த பொருள்.

சென்ற மழைக்காலத்தில் காசிமேட்டில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் இரண்டாம் தளத்து வீட்டுக்கு நான் ஐந்தாவது ஆளாகப் போனேன். எனக்கு முன்பு போன நால்வரில் மூவர் செட் டாப் பாக்ஸை மாற்றியிருந்தார்கள். ஒருவர் மொட்டை மாடியில் இருந்த, சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரின் கெயினை, அதாவது பெருக்கும் அளவை, திருகி ஏற்றிவிட்டு வந்திருந்தார். கதவைத் திறந்த அம்மாள் என் கையைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு பாக்ஸ் எடுத்துட்டு வரலியா தம்பி?" என்று கேட்டார். கேலியாகக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பழுது ஜன்னல் சன்ஷேடின் மேல், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த, ஒரு கேபிளைப் பலவாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரில் இருந்தது. அதில் மாட்டியிருந்த கனெக்டரைக் கழற்றியபோது நடுக்கம்பி துருவேறிச் சிவந்து, தொட்டதும் ஒடிந்து விழுந்தது. ஸ்ப்ளிட்டரையும் இரண்டு கனெக்டர்களையும் மாற்றக் கால் மணி நேரம் ஆனது. அங்கிருந்து "பழுது" என்று எழுதித் திரும்பிய மூன்று பாக்ஸ்களில் ஒன்றை, பின்னர் தண்டையார்பேட்டையில் வேறொரு வீட்டில் நானே பொருத்தினேன். அது இன்றும் குறையின்றி ஓடுகிறது.

இதற்காக அந்த நால்வரையும் நான் குறை சொல்லமாட்டேன். அவர்களில் ஒருவரிடமும் சிக்னலை அளக்கும் மீட்டர் இல்லை. அளக்க முடியாதவன் எதையாவது மாற்றித்தான் பார்க்க வேண்டும். கையில் இருப்பது பாக்ஸ் என்பதால் பாக்ஸையே மாற்றுகிறான்.

நம் தொழில் அனலாக்கில் இருந்தபோது மீட்டர் இல்லாமலும் ஒருவாறு சமாளிக்க முடிந்தது. கட்டணச் சேனல்களைப் பாக்ஸ் வழியே மட்டும் பார்க்கவைக்கும் நிபந்தனை அணுகல் முறை (சி.ஏ.எஸ்., பேச்சில் கேஸ்), 2003 செப்டம்பரில் சென்னையில் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகும் இலவசச் சேனல்கள் பல ஆண்டுகள் அனலாக்கிலேயே வந்துகொண்டிருந்தன. நான் இத்தொழிலுக்கு வந்த காலம் அது. சிக்னல் குறைந்தால் திரையில் புள்ளி விழும், இன்னும் குறைந்தால் படம் வெளிறும், எங்காவது கேபிள் முனை திறந்து கிடந்தால் ஒவ்வோர் உருவத்துக்கும் பக்கத்தில் ஒரு நிழலுருவம் நிற்கும். தொலைக்காட்சித் திரையே நமக்கு மீட்டராக இருந்தது. டிஜிட்டல் திரை அப்படி எதையும் முன்கூட்டிச் சொல்லாது. சிக்னலின் தரம் படிப்படியாகக் கெட்டுக்கொண்டே வந்தாலும், பிழைகளைப் பாக்ஸ் தனக்குள்ளேயே திருத்திக்கொண்டு கண்ணாடி போன்ற படத்தையே காட்டும். திருத்த முடியாத எல்லையைத் தொட்ட அந்தக் கணத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, உறைந்து, நின்றுவிடும். ஆகவே நேற்று வரை நன்றாக ஓடியது என்று வாடிக்கையாளர் சொல்வது முழு உண்மை. நேற்று வரை நம் லைன் நன்றாக இருந்தது என்பதற்கு அது சாட்சியாகாது. எல்லைக்கு ஒரு டெசிபல் (சிக்னலை அளக்கும் அலகு) இப்பால் எத்தனையோ வீடுகள் நம் எல்லோருடைய பகுதிகளிலும் இருக்கின்றன. முதல் மழைக்கு அவை அனைத்தும் ஒரே நாளில் அழைக்கின்றன, நாமும் மழையைத் திட்டுகிறோம்.

மீட்டர் இரண்டு எண்களைக் காட்டுகிறது, அந்த இரண்டும் வேண்டும். ஒன்று அளவு; நாம் வெறுமனே டிபி என்று சொல்லும் டெசிபல் மைக்ரோவோல்ட். டிஜிட்டல் சிக்னலைக் கேபிளில் ஏற்ற நாம் பெரும்பாலும் பயன்படுத்தும் 64 க்வாம் முறைக்கு, வாடிக்கையாளர் வீட்டுக் கேபிள் முனையில் 47 முதல் 67 வரை இருக்கலாம் என்பது தொழில்நுட்பத் தரநிலை. 55-க்கும் 65-க்கும் நடுவில் வைத்துக்கொள்வது என் வழக்கம். மற்றொன்று தரம், எம்.இ.ஆர். என்ற எண். அது 30-க்கு மேல் இருந்தால் கவலையில்லை. 24, 23 என்று இறங்கினால் படம் உடையத் தொடங்கும். அளவு 62 இருந்தும் தரம் 23 இருக்கும் வீடுகள் உண்டு. "சிக்னல் ஃபுல்லா இருக்கு, பாக்ஸ்தான் போச்சு" என்று நாம் தீர்ப்பு எழுதும் வீடுகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை.

மீட்டர் கையில் இருந்தும் ஒரே ஒரு சேனலை மட்டும் பார்த்துவிட்டு இறங்கி வரும் பழக்கமும் நம் பையன்களிடம் இருக்கிறது. கேபிளில் சேனல்கள் ஏறத்தாழ 50 மெகாஹெர்ட்ஸ் முதல் 862 மெகாஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கின்றன. கேபிள் இவற்றை ஒரேமாதிரி நடத்துவதில்லை. வீடுகளுக்கு நாம் இழுக்கும் ஆர்.ஜி. 6 வகைக் கேபிள் 100 மீட்டர், 100 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 7 டெசிபலை விழுங்கினால், 800 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபலை விழுங்கும். எனவே கீழ் அலைவரிசைச் சேனல்கள் நன்றாக இருந்து மேல் அலைவரிசைச் சேனல்கள் மட்டும் உடைந்தால், கேபிள் அளவுக்கு மீறி நீண்டிருக்க வேண்டும், அல்லது அதற்குள் தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும், அல்லது வழியில் எவரும் கணக்கில் வைக்காத ஒரு ஸ்ப்ளிட்டர் இருக்க வேண்டும். மேல் சேனல்கள் நன்றாக வந்து கீழ்ச் சேனல்கள் மட்டும் போனால் காரணம் முற்றிலும் வேறு: எங்கோ நடுக்கம்பி சரியாகத் தொடாமல் மயிரிழை இடைவெளியில் நிற்கிறது. அந்தச் சிறு இடைவெளி ஒரு கெப்பாசிட்டர் போல நடந்துகொண்டு உயர் அலைவரிசையைத் தாண்டவிடும், தாழ்ந்த அலைவரிசையை மறித்துவிடும். இந்த ஒரு செய்தி தெரிந்த பையன் வாசலிலேயே, எந்தெந்தச் சேனல் உடைகிறது என்று கேட்டுவிட்டு, ஏணியை எங்கே சாய்ப்பது என்று முடிவு செய்துவிடுவான். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் கொருக்குப்பேட்டையில் பழைய டி.வி. பழுது பார்க்கும் கடை வைத்திருந்த ஒருவர். அதுவும் நான் ஒரு முழு நாள் வெயிலில் மாடி மாடியாக ஏறி இறங்கிய பிறகு, சிரித்துக்கொண்டே.

வீட்டுக்குள் நுழையும் முன் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்றும் உண்டு: பக்கத்து வீட்டில் எப்படி? ஒரு வீட்டில் மட்டும் பழுது என்றால் லைனிலிருந்து வீட்டுக்கு இணைப்புப் பிரியும் டேப்பிலிருந்து பாக்ஸ் வரை பார்த்தால் போதும். ஒரே வரிசையில் ஐந்தாறு வீடுகள் என்றால் அந்த ஆம்ப்ளிஃபையர். தெருவே போனால், ஃபைபரில் வரும் ஒளியைக் கேபிள் சிக்னலாக மாற்றும் நோட். நீண்ட லைனில் தேடும்போது முனையிலிருந்து ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிக்கொண்டு வருவது வீண் உழைப்பு. நடுவில் ஓர் இடத்தில் அளந்து, அங்கே நன்றாக இருந்தால் அடுத்த பாதியையும், கெட்டிருந்தால் முந்தைய பாதியையும் எடுத்துக்கொண்டு, அதை மீண்டும் பாதியாக்கினால், பதினாறு இணைப்புகள் உள்ள லைனில் நான்கு இடங்களில் அளந்ததுமே பழுதைப் பிடித்துவிடலாம்.

ஆம்ப்ளிஃபையர் விஷயத்தில் சற்றுக் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது, மன்னிக்க வேண்டும். கடைசி வீட்டில் படம் உடைந்தால் கெயினை ஏற்று என்பது நம்மில் பலர் தொலைபேசியிலேயே தரும் உத்தரவு. ஆம்ப்ளிஃபையர் தனக்குள் வரும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகிறது, தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலைக் கூட்டவும் செய்கிறது. உள்ளே வரும்போதே கெட்டுப்போன தரத்தை எந்தத் திருகாணியாலும் மீட்க முடியாது. ஒரேவகையான ஆம்ப்ளிஃபையர்களின் எண்ணிக்கை ஒரு லைனில் இரு மடங்கானால் இரைச்சலில் மூன்று டெசிபல் இழக்கிறோம். வெளியீட்டை அளவுக்கு மேல் ஏற்றும்போது கதை இன்னும் மோசம்: ஒரு டெசிபல் ஏற்றினால், சேனல்கள் ஒன்றோடொன்று கலந்து உண்டாகும் உருக்குலைவு, சிக்னலோடு ஒப்பிடும்போது இரண்டு டெசிபல் கூடுகிறது. கடைசி வீட்டுக்காக ஏற்றிய கெயின் முதல் வீட்டைக் கெடுக்கிறது. முதல் வீட்டுக்காரர் அழைத்ததும் அங்கே ஒரு பாக்ஸ் மாறுகிறது. திருவொற்றியூரில் ஒரு தெருவில், ஆம்ப்ளிஃபையருக்கு அடுத்திருந்த வீட்டில் 84 டிபி வந்துகொண்டிருந்ததை அளந்திருக்கிறேன். அந்த வீட்டுக்குச் சிக்னல் அளவைக் குறைக்கும் ஒரு அட்டென்யூவேட்டரைப் போட்டால் சரியாகிவிடும் என்று எண்ணிப் போட்டும் பார்த்தேன். அளவு இறங்கியதே தவிரத் தரம் ஏறவில்லை, ஏனெனில் கெட்டது ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே கெட்டுவிட்டது. கெயினை இறக்கி, கீழ், மேல் அலைவரிசைகளின் அளவைச் சமன்செய்யும் ஈக்குவலைசரைச் சரிசெய்து, கடைசி மூன்று வீடுகளுக்குப் போகும் நீண்ட ஆர்.ஜி. 6 கேபிளுக்குப் பதிலாக, இழப்புக் குறைந்த தடித்த ஆர்.ஜி. 11 இழுத்த பிறகு இரண்டு முனைகளும் அடங்கின. அதற்கு அரை நாள் கேட்டேன்; ஒரு புகாருக்கு அரை நாளா என்று கடிந்துகொண்டார்கள். அதே தெருவுக்கு அதற்கு முந்தைய மாதங்களில் எத்தனை முறை ஆள் அனுப்பினார்கள் என்ற கணக்கு எவரிடமும் இல்லை.

இனி நம் ஊர்க் காற்றைப் பற்றி. அண்ணா நகரிலோ வேளச்சேரியிலோ தொழில் நடத்துபவருக்குக் கனெக்டர் ஒரு சின்னச் சாமான். கடற்கரை ஓரமாகவே நீளும் நம் பகுதிக்கு அது உயிர்நிலை. நாம் இழுக்கும் மலிவான கேபிளின் நடுக்கம்பி உள்ளே இரும்பு, மேலே செம்புப் பூச்சு. சுற்றியுள்ள பின்னல் வலை அலுமினியம். கனெக்டரில் இடைவெளி இருந்தால் உப்புக் காற்று புகுந்து அலுமினியத்தை வெள்ளைப் பொடியாக்கும், பூச்சு கீறிய இடத்தில் இரும்பைத் துருவாக்கும். மழைநீர் புகுந்தால் பின்னல் வலை வழியே, விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவது போல, நெடுந்தூரம் ஊறிச் செல்லும். முனையை மட்டும் வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டால் பத்தாம் நாள் அதே வீட்டில் நிற்க நேரும். வெட்டிய இடத்தில் உள்வலை வெள்ளியாகப் பளபளக்கும் வரை பின்னோக்கி வெட்டிக்கொண்டே போக வேண்டும், இல்லையேல் கேபிளையே மாற்ற வேண்டும். பட்டம் விடும் காலத்தில் மாஞ்சா நூல் சிக்கி உறையைக் கீறிவிட்ட கேபிள்களுக்கும் இதே கதிதான். மாஞ்சாவுக்குத் தடை இருப்பது நமக்குத் தெரியும், காற்றில் பறக்கும் நூலுக்குத் தெரிவதில்லை.

கட்டிங் பிளேயரால் நசுக்கி மாட்டும் கனெக்டருக்குப் பதிலாக, அதற்குரிய கருவியால் அழுத்தி மூடும் கம்ப்ரஷன் கனெக்டர் ஒன்றின் விலை ஒரு தேநீர் விலையைச் சுற்றித்தான் இருக்கும். வெளியே மாட்டும் ஒவ்வொரு கனெக்டருக்கும் ரப்பர் உறையோ நீர்புகா நாடாவோ போட வேண்டும், ஸ்ப்ளிட்டரின் வாய்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும், அதில் பயன்படாத வாயை டெர்மினேட்டரால் மூட வேண்டும், கேபிளை வீட்டுக்குள் நுழைக்கும் முன் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டு நீர் அங்கேயே சொட்டி விழச் செய்ய வேண்டும். இவற்றை மட்டும் செய்தால், காசிமேட்டிலிருந்து எண்ணூர் நெடுஞ்சாலை வரையுள்ள மழைக்காலப் புகார்களில் பெரும்பகுதி வராது என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

நேரம் பார்த்து வரும் பழுதுகள் தனிச்சாதி. தண்டையார்பேட்டையில் ஒரு சந்தில் ஒவ்வோர் இரவும் பத்தரை மணிக்கு எட்டு வீடுகளில் படம் நின்று, காலையில் தானாக வந்துவிடும். பகலில் போன எவர் கண்ணிலும் பழுது படவில்லை. கடைசியில் இரவில் போய் நின்றேன். அந்த ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரம் ஒரு வீட்டிலிருந்து எடுத்திருந்தோம். நம் வழக்கப்படி அதற்கு ஈடாக அவர்களுக்கு மாதக் கட்டணம் இல்லை. அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள், காரணம் தெரியாமல் எரிந்துகொண்டிருந்த ஒரு சுவிட்சைத் தூங்கப் போகும் முன் சிக்கனமாக அணைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு தெருவில் மாலை ஏழு மணிக்கு மட்டும் உடையும். அங்கே மின்னழுத்தம் இறங்கும் நேரத்தில் ஆம்ப்ளிஃபையரின் பவர் சப்ளை திணறிக்கொண்டிருந்தது. எப்போது உடைகிறது என்று வாடிக்கையாளரைக் கேட்டு, புகாரோடு அதையும் எழுதி அனுப்புங்கள். உங்கள் அலுவலகத்தில் தொலைபேசியை எடுப்பவர் இப்போது எழுதுவது "படம் வரல" என்ற இரண்டு சொற்களை மட்டுமே.

அண்மைக்காலத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கைப்பேசிக் கோபுரங்கள் 758 முதல் 803 மெகாஹெர்ட்ஸ் வரை ஒலிபரப்புகின்றன. நம் கேபிளின் மேல் சேனல்களும் அதே இடத்தில்தான் ஓடுகின்றன. வலை கிழிந்த கேபிளும், இறுகாத கனெக்டரும் அந்த அலையை ஆன்டெனா போல உள்ளே இழுத்துக்கொள்ளும். கோபுரத்துக்கு அருகிலுள்ள வீட்டில் குறிப்பிட்ட ஐந்தாறு சேனல் தொகுப்புகள் மட்டும் உடைந்தால், ஒவ்வொரு கனெக்டரையும் கையால் இறுக்கிப் பாருங்கள். சில வீடுகளில் அதுவே போதுமானதாக இருந்தது.

ஃபைபர் வந்தபின் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று எண்ணுவோருக்கும் இரண்டு வரி. நோட்டுக்கு வரும் ஒளி ஒரு டெசிபல் குறைந்தால் அதிலிருந்து வெளிவரும் கேபிள் சிக்னல் இரண்டு டெசிபல் குறையும். முனை எட்டு பாகை சாய்ந்த பச்சை நிறக் கனெக்டரையும், சாயாத நீல நிறக் கனெக்டரையும் ஒன்றோடொன்று செருகினால், பொருந்தியது போலத் தெரியும், ஒளி சிதறித் திரும்பும், முனையும் தேயும். அவசரத்தில் இப்படிச் செருகியதை வியாசர்பாடியில் இரண்டு நோட்களில் பார்த்தேன்.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் கேபிள்கள் தெருவிளக்குக் கம்பங்களிலும் மின்கம்பிகளுக்கு அருகிலும் போகின்றன. ஏதோ ஒரு வீட்டின் கசிவு மின்சாரம் கேபிளின் வெளிவலையில் ஏறி, நான்கு வீடு தள்ளிக் கனெக்டரைக் கழற்றும் பையனின் கையில் இறங்குவதுண்டு. ஈரச் சுவரில் சாய்ந்தபடி ஒரு முறை அதை வாங்கியவன் நான். ஏணியிலிருந்து விழாதது என் நல்ல காலம். சிக்னலை அளக்கும் முன் டெஸ்டரால் வெளிவலையைத் தொட்டுப் பார்ப்பதையும் அளவெடுப்பதன் ஒரு பகுதியாகவே வையுங்கள். கொட்டும் மழையில் "ஏறிப் பார்த்துட்டு வா" என்று அனுப்பாதீர்கள். சீரியலின் அந்த அரை மணி நேரம் போனால் போகட்டும்.

நான் கேட்பது அதிகமில்லை. பகுதிக்கு ஒன்றாக, அளவையும் எம்.இ.ஆரையும் காட்டும் ஒரு மீட்டரை வாங்கித் தாருங்கள். தனித்து வாங்க இயலாதவர்கள் பக்கத்து ஆபரேட்டரோடு சேர்ந்து வாங்கலாம். கேபிள் தொகுதி ஒவ்வொன்றிலும் நோட், ஆம்ப்ளிஃபையர், கடைசி வீடு ஆகிய இடங்களில் நல்ல நாளில் என்ன எண் இருந்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். நல்ல நாளின் எண் தெரியாமல் கெட்ட நாளின் எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒரு நாளில் எத்தனை புகார் முடித்தாய் என்று மாலையில் கேட்பதை நிறுத்திவிட்டு, சென்ற மாதம் முடித்த வீடுகளில் எத்தனை திரும்ப அழைத்தன என்று கேளுங்கள். பன்னிரண்டு முடித்தவனுக்குப் பாராட்டும், நான்கு மட்டும் முடித்தவனுக்கு வசவும் கிடைக்கும்வரை, எந்தப் பையனும் சன்ஷேடில் ஏறிப் பிளாஸ்டிக் உறையைத் திறந்து பார்க்கமாட்டான். பாக்ஸ் மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

மீட்டரின் விலை கட்டுப்படியாகாது என்று சிலர் சொல்லக்கூடும். பழுதில்லாத பாக்ஸைப் பழுது என்று திருப்பி அனுப்புவதற்கும், ஒரே வீட்டுக்கு ஐந்து முறை ஆள் போவதற்கும் ஆகும் செலவை ஒரே ஒரு மாதம் எழுதிப் பார்த்துவிட்டு அதைச் சொல்லட்டும். பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. கைப்பேசியிலும் இணையத்திலும் படம் பார்க்கத் தெரிந்துவிட்ட வீட்டில், மூன்றாவது முறை உடைந்த படத்துக்கு நான்காவது புகார் வருவதில்லை. கேபிளைக் கழற்றிக்கொள்ளுங்கள் என்ற அழைப்புத்தான் வருகிறது. அந்த அழைப்புக்கும் போகிறவர்கள் நாங்களே.

ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை நான் இதுவரை அளந்து எழுதிய எண்கள் இரண்டு நோட்டுப் புத்தகங்களில் இருக்கின்றன. அவரவர் பகுதிக்குரிய பக்கங்களைப் படியெடுத்துத் தரத் தயாராக இருக்கிறேன். என் முதலாளியின் சம்மதமும் பெற்றிருக்கிறேன். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் பையன்களை அனுப்பிவைத்தால், மீட்டரைப் பிடிப்பதிலிருந்து கம்ப்ரஷன் கனெக்டர் போடுவது வரை என்னால் இயன்றதைச் சொல்லித் தருகிறேன். இடம் மட்டும் நீங்கள் பார்த்துக் கொடுங்கள். மொட்டை மாடியாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு லைன்மேன்